பழைய பிக்கப் வண்டிக்கு எக்ஸ்ட்ரா பிளேட் லாபமா?



நமது இதழில் வரியைப் பற்றி எழுதுகிறோம். லைசென்ஸ் தொல்லையைப் பற்றி எழுதுகிறோம். பெரிய நிறுவனங்கள் சில்லறை வணிகத்தில் புகுந்து நம் வயிற்றில் அடிப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இவை எல்லாம் எழுத வேண்டியவைதான். ஆனால் நம் கடைக்குத் தினமும் சரக்குக் கொண்டுவந்து சேர்க்கும் அந்தப் பழைய பிக்கப் வண்டியைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதாக நினைவில்லை. கடையின் கல்லாவைப் போலவே வண்டியும் நம் முதல். கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் இரவெல்லாம் தூங்காமல் கணக்குப் பார்க்கும் நாம், வண்டியின் பின்பக்கம் நான்கு அங்குலம் தாழ்ந்து போனால் "பட்டறையில் விட்டு இரண்டு பிளேட் ஏற்றச் சொல்லு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

அப்படி ஒரே வார்த்தையில் முடித்தவர்களில் நானும் ஒருவன். அதனால் பட்ட பாட்டை எழுதினால் நாலு பேருக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் பட்ட பாடு

எனக்குச் சேந்தமங்கலம் பக்கம் மளிகைக் கடை. வாரம் இரண்டு முறை சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கும் லீ பஜாருக்கும் போய்ப் பருப்பு, புளி, வத்தல், வெல்லம், எண்ணெய் டின் எடுத்து வருவோம். வாரத்தில் ஒரு நாள் கொல்லிமலையில் உள்ள சிறு கடைகளுக்குச் சரக்குப் போடுவோம். வெறும் வண்டியாக இறங்க மனம் வராது. மிளகு, அன்னாசி, வாழைத்தார் என்று எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு இறங்குவோம். காரவள்ளியில் இருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது ஊரறிந்த செய்தி. அந்த 70 வளைவுகளிலும் ஏறி இறங்கியது நான் செகண்ட் ஹாண்டில் வாங்கிய பிக்கப். வாங்கும்போதே அதற்குப் பத்து வயது.

வாங்கிய ஒரு வருடத்தில் லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார ஆரம்பித்தது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் "டமார்" என்று அடிக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனேன். மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, ஸ்பிரிங் செத்துப் போச்சுங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பிளேட் சேர்த்து, அடியில ஒரு கட்டையும் வச்சுட்டா வண்டி கும்முன்னு நிக்குமுங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் ஏத்துங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தேன் போல் இனித்தது. சம்மதித்தேன்.

வண்டி உண்மையிலேயே கும்மென்று நின்றது. டிரைவருக்கு ஒரே சந்தோஷம். "இப்ப என்ன போட்டாலும் அசையலீங்க மொதலாளி" என்றான். எனக்கும் சந்தோஷம். இருபது மூட்டை ஏற்றிய இடத்தில் முப்பது ஏற்றினோம். வண்டி தாழவில்லை. தாழாத வண்டியில் பாரம் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

நாலு மாதம் கழித்து ஒரு மாலை நேரம். மலையில் இருந்து அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு வண்டி இறங்கியது. லோடுமேன் பையன் சரக்கின் மேலே உட்கார்ந்து வந்தான். அப்படி உட்கார்ந்து வருவது தவறு என்று தெரிந்தும் நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. பாதி வளைவுகளைத் தாண்டியபோது முன் சக்கரத்தில் இருந்து கருகல் வாடை வந்திருக்கிறது. அடுத்த வளைவில் பிரேக் மிதித்தால் கட்டை போல் கெட்டியாக இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை. டிரைவர் புத்திசாலி. பள்ளத்தின் பக்கம் போகவிடாமல் மலைச் சரிவின் பக்கம் ஒடித்துச் சாய்த்து நிறுத்தினான். வண்டி நின்றது. மேலே இருந்த பையன் நிற்கவில்லை. தூக்கி எறியப்பட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தான். பள்ளத்தின் பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவனுடைய தாயார் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

வால்வு செய்த வேலை

வண்டியை இழுத்து வந்து வேறொரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் பிரேக் லைனிங்கைப் பார்ப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து, பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள ஒரு சின்னக் கம்பியைக் காட்டினார். நான் அதுவரை அப்படி ஒன்று இருப்பதையே அறியேன்.

பல பிக்கப் வண்டிகளில் பின் சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்வு உண்டு. வால்வு சேஸிஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்குப் போகும். வண்டி காலியாக இருந்தால் உடம்பு உயர்ந்து நிற்கும். அப்போது பின் சக்கரங்களில் பாரம் குறைவு. முழு பிரேக் கொடுத்தால் அவை பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிச் சுற்றிவிடும். ஆகவே வால்வு அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும். பாரம் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி உடம்பு தாழும், கம்பி அசையும், வால்வு திறந்து பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் கிடைக்கும். வண்டியின் உயரத்தைப் பார்த்துத்தான் அந்த வால்வு பாரத்தை அறிகிறது. அதற்கு வேறு கண் கிடையாது.

நாம் என்ன செய்தோம்? பிளேட் ஏற்றி, கட்டை வைத்து, உடம்பை உயர்த்திவிட்டோம். முப்பது மூட்டை ஏற்றினாலும் வண்டி தாழவில்லை. "வண்டி எறங்கலீங்க, அதனால வால்வுக்கு லோடு இருக்கறதே தெரியலீங்க" என்றார் அந்தப் பெரியவர். வண்டி காலியாக இருப்பதாக நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துக்கொண்டே இருந்தது. முழுப் பாரத்தையும் முன் பிரேக் மட்டும் தாங்கியது. எழுபது வளைவு இறக்கத்தில் அது சூடேறிச் செயலிழந்ததில் ஆச்சரியம் என்ன? "அசையலீங்க மொதலாளி" என்று டிரைவர் எதற்காகச் சந்தோஷப்பட்டானோ அதுவே அவன் பிரேக்கைக் கொன்றது.

இந்த வால்வு இல்லாத பழைய வண்டிகளும் உண்டு. அவற்றில் இந்தக் கோளாறு வராது. ஆனால் இனிச் சொல்லப்போகும் மற்றவை எல்லா வண்டிக்கும் பொதுவானவை.

ஸ்பிரிங் தாங்கும், மற்றவை?

ஸ்பிரிங் பிளேட் என்பது வண்டியின் ஒரு உறுப்பு மட்டுமே. ஒரே நீளம், ஒரே கனம் உள்ள ஐந்து பிளேட்டோடு அதே போன்ற ஆறாவது ஒன்றைச் சேர்த்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும். கனமான பிளேட் போட்டால் கதையே வேறு. கனம் இரண்டு மடங்கானால் அந்தப் பிளேட்டின் விறைப்பு எட்டு மடங்காகும். ஸ்பிரிங் வலுவாகிவிட்டது, சரி. அச்சு வலுவானதா? வீல் பேரிங் வலுவானதா? டயர் வலுவானதா? பிரேக் டிரம் பெரிதானதா? ஒன்றும் மாறவில்லை. ஸ்பிரிங் உட்கார்ந்து "போதும்" என்று எச்சரித்துக்கொண்டிருந்தது. அந்த வாயை அடைத்துவிட்டு மற்ற உறுப்புகளின் தலையில் பாரத்தை ஏற்றுகிறோம்.

பிரேக்கின் வேலை வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. 2 டன் மொத்த எடைக்குச் செய்த வண்டியை 3 டன்னாக ஆக்கினால், அதே வேகத்தில் இருந்து நிறுத்த அதே பிரேக் ஒன்றரை மடங்கு சூட்டைத் தாங்க வேண்டும். இது கல்லூரிக் கணக்கு அல்ல, நம் கல்லாக் கணக்கைப் போல எளிய பெருக்கல்தான்.

அடுத்து, கவிழும் ஆபத்து. வண்டியின் பாரம் எந்த உயரத்தில் மையம் கொள்கிறது என்பதும், இரண்டு சக்கரங்களுக்கும் இடையே எவ்வளவு அகலம் என்பதும் சேர்ந்துதான் வளைவில் வண்டி நிற்குமா சாயுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. எடுத்துக்காட்டாக, சக்கர இடைவெளியில் பாதி 65 செ.மீ., பாரத்தின் மையம் 100 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 10 செ.மீ. தூக்கினால் மையம் 110 ஆகிறது. அகலம் அதே 65தான். சாயாமல் நிற்கும் சக்தியில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதற்கு மேல் மூட்டையைக் கேபின் உயரத்துக்கு அடுக்கினால் எஞ்சியதிலும் ஒரு பங்கு போகும்.

மூன்றாவது, காலி வண்டி. நம் வண்டி பாதி நேரம் காலியாகத்தான் ஓடுகிறது. அளவுக்கு மீறி விறைத்த ஸ்பிரிங் காலி வண்டியில் கல் போல் இருக்கும். சக்கரம் தரையில் பதியாமல் துள்ளும். டயர் திட்டுத் திட்டாகத் தேயும். ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட் அருகே சேஸிஸில் கீறல் விழும். முட்டை அட்டையும் கண்ணாடி பாட்டிலும் ஏற்றும் நாளில் நட்டத்தை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

கட்டையும் நீள ஷேக்கிளும்

பிளேட் சேர்ப்பதைத் தவிர வேறு இரண்டு குறுக்கு வழிகளும் பட்டறைகளில் உண்டு. ஒன்று, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டை வைத்து நீளமான யு போல்ட் போட்டு இறுக்குவது. வண்டி கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அச்சு தன்னைத் தானே முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். நடுவில் கட்டை இருந்தால் அந்த முறுக்குக்கு நெம்புகோல் கிடைத்தது போல் ஆகி, பிளேட் எஸ் போல வளையும். கட்டை நழுவினால் அச்சே இடம் மாறும். முன் அச்சில் கட்டை வைப்பது தற்கொலைக்குச் சமம். ஸ்டியரிங் இருக்கும் அச்சு அது.

இன்னொன்று ஷேக்கிளை நீட்டுவது. நான்கு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது சுமார் இரண்டு அங்குலம்தான், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே நகர்கிறது. அந்த இரண்டு அங்குலத்துக்காக அச்சின் சாய்வு மாறுகிறது. பின்பக்கம் என்றால் ஜாயிண்ட் ஷாஃப்டின் கோணம் கெட்டு, கிராஸ் சீக்கிரம் தேய்ந்து, வண்டி நடுங்க ஆரம்பிக்கும். முன்பக்கம் என்றால் ஸ்டியரிங் நேராகத் திரும்பி வருவதில் கோளாறு வரும்.

அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டியைத் தூக்கி நிறுத்துவது பலருக்குப் பொழுதுபோக்கு. அங்கேயும் அது எல்லை மீறியபோது அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்தி, மூக்கு வானத்தைப் பார்க்க ஓட்டும் மோகம் ஒன்று பரவியது. வட கரோலினா மாநிலம் 2021-ல் சட்டம் போட்டு, முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்கும்படி வண்டியை மாற்றி ஓட்டத் தடை விதித்தது. அங்கே இளைஞர்கள் காசு செலவழித்துச் செய்யும் அந்தக் கோலத்தை நாம் மூட்டையைப் பின்னால் அடுக்கித் தினமும் இலவசமாகச் செய்கிறோம். மூக்கு தூக்கிய வண்டியின் ஹெட்லைட் எதிரே வருபவன் கண்ணில் அடிக்கிறது. முன் சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங் காற்றில் மிதக்கிறது. ஓட்டுகிறவனுக்கு முன்னால் உள்ள சாலை சரியாகத் தெரிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களில் இருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்து தீர்ப்பளித்தது. அதே 2019-ல் வந்த திருத்தச் சட்டப்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அதிக பாரத்துக்கு 194-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாய். அதன்மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மிச்சச் சரக்கை இறக்கும் கூலியும் நம் தலையில்தான். வண்டியை ஓட்டியவன் மட்டும் அல்ல, ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் இந்தப் பிரிவில் அடங்குவார்கள். "டிரைவர்தானே ஏற்றினான்" என்று நாம் ஒதுங்க முடியாது. விபத்து என்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதே இத்தகைய ஓட்டையைத்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அபராதத்துக்குப் பயந்து இதை எழுதவில்லை. செக்போஸ்டில் கேட்காத நாளிலும் மலை கேட்கும்.

"இரண்டு நடை கட்டுமா?"

இதைப் படிக்கும் பலர் மனதில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். "டீசல் விற்கும் விலையில் இரண்டு நடை அடித்தால் பருப்பில் கிடைக்கும் லாபம் வண்டிக்கே போய்விடுமே? பக்கத்துக் கடைக்காரன் ஒரே நடையில் கொண்டுவந்து ஐம்பது பைசா குறைத்து விற்றால் நான் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. நம்மிடம் இருப்பது புது வண்டி வாங்கும் வசதி அல்ல. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது முக்கால் டன் ஏற்றும் சிறிய வண்டி என்றுதான் வந்தது. முக்கால் டன் என்றால் 50 கிலோ மூட்டை பதினைந்து. பதினைந்தோடு நிறுத்தியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம்.

ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். மிச்சப்படுத்திய டீசலை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் சீக்கிரம் தேய்ந்த டயர், மாற்றிய வீல் பேரிங், கிராஸ், பிரேக் லைனிங், சேஸிஸ் வெல்டிங், பட்டறையில் வண்டி நின்ற நாட்களுக்கு வாடகை வண்டிக் கூலி, எல்லாவற்றையும் எழுதுங்கள். நான் என் வண்டிக்கு அப்படி எழுதிப் பார்த்தேன். விபத்துச் செலவைச் சேர்க்காமலே மிச்சம் என்று ஒன்றும் நிற்கவில்லை. சேர்த்தால் அந்த வருடத்து மலை வியாபாரமே வீண்.

இன்னொரு வாதத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நம் தெருக்கள் மோசம். ஸ்பீடு பிரேக்கர் என்ற பெயரில் ஆளுக்கொரு மேடு கட்டி வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த வண்டி அதில் அடிபடத்தான் செய்யும். வண்டி உரிய உயரத்தில் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. என் வாதம் இதுதான்: ஸ்பிரிங் செத்துத் தாழ்ந்த வண்டியைக் கம்பெனி கொடுத்த உயரத்துக்கு மீட்பது ரிப்பேர். அதற்கு மேல் தூக்குவது வேறு வண்டி செய்வது. முதலாவதைத் தயங்காமல் செய்யுங்கள். இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

கடைக்காரர் தாமே செய்யக்கூடியவை

மெக்கானிக் சொல்வதை அப்படியே கேட்பதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு.

சமமான சிமெண்ட் தரையில் காலி வண்டியை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். சக்கரத்தின் நடுவில் இருந்து நேர் மேலே மட்கார்டு அல்லது பாடியின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். நான்கு இடத்திலும் அளவு வேண்டும். பிறகு அளவான லோடு ஏற்றி மீண்டும் அளங்கள். இடதும் வலதும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒரு பக்க ஸ்பிரிங்கில் பிளேட் உடைந்திருக்கலாம், அல்லது அந்தப் பக்கம் தளர்ந்திருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் வண்டி தாழ்வது நோட்டிலேயே தெரியும்.

அச்சுக்கு மேலே சேஸிஸில் உள்ள ரப்பர் கட்டையைப் பாருங்கள். அது நசுங்கிப் பளபளத்தால் ஸ்பிரிங் அடிக்கடி அடிமட்டம் வரை போய் மோதுகிறது என்று பொருள். லோடு ஏற்றிய நிலையில் பிளேட் நேராக இருப்பதைத் தாண்டி எதிர்ப்பக்கமாக வளைந்தால் ஒன்று பாரம் அதிகம், அல்லது ஸ்பிரிங் ஓய்ந்துவிட்டது.

ஸ்பிரிங் ஓய்ந்துவிட்டது என்று தெரிந்தால் கம்பெனி அளவிலேயே புது செட் போடுவது நல்லது. ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். சென்டர் போல்ட், யு போல்ட், புஷ் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். இழுபட்ட பழைய யு போல்ட்டை மறுபடி இறுக்கினால் அது பிடிப்பை இழக்கும். வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே யு போல்ட்டை இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பழைய பிளேட்டை உலையில் பழுக்கக் காய்ச்சி, தட்டி வளைத்துக் கொடுப்பதும் உண்டு. மலிவுதான். ஆனால் ஸ்பிரிங் எஃகின் உயிர் அதற்குக் கொடுத்த பதத்தில் இருக்கிறது. காய்ச்சிய பிறகு முறையாக எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்த வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் செய்தால் சில மாதத்தில் மீண்டும் தாழும், அல்லது பட்டென்று உடையும்.

அந்த பிரேக் வால்வின் கம்பி உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது துருப்பிடித்து இறுகிப் போயிருக்கிறதா, யாராவது கம்பி வைத்துக் கட்டிவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்பிரிங் வேலை முடிந்ததும் அதைச் சரிபார்த்து அமைக்கச் சொல்லுங்கள்.

மூட்டை அடுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு அச்சுக்கும் இடையே 2 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் 200 கிலோ வைத்தால் பின் அச்சில் 250 கிலோ ஏறும், முன் அச்சில் 50 கிலோ குறையும். அதே 200 கிலோவைக் கேபினை ஒட்டி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. சர்க்கரை, உப்பு, அரிசி, எண்ணெய் டின் முன்னால், கீழே. வத்தல், அப்பளம், பிஸ்கட் பெட்டி பின்னால், மேலே. இறக்கும் வரிசைக்கு வசதியாக அடுக்குவது லோடுமேனுக்குச் சுலபம். ஆனால் வண்டியின் வரிசை வேறு. இரண்டுக்கும் இடையே வண்டிக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

சங்கத்துக்கு வேண்டுகோள்

தனி ஒருவர் மட்டும் அளவோடு ஏற்றினால் அவர் போட்டியில் பின்தங்குவார் என்பது உண்மை. ஆகவேதான் இது சங்கம் கையில் எடுக்க வேண்டிய காரியம் என்கிறேன்.

முதலாவது, மண்டி மொத்த வியாபாரிகள் பில்லில் தொகையோடு சரக்கின் மொத்த எடையையும் கிலோவில் எழுதிக் கொடுக்கலாம். மூட்டைக் கணக்கு மட்டும் இருப்பதால் எவ்வளவு பாரம் என்பது யாருக்கும் தெரிவதில்லை. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் வண்டியின் வெற்று எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய அளவு தெரியும். டிரைவரும் கேபினில் ஆட்கள் வந்தால் அவர்களும் அந்தக் கணக்குக்குள்தான் வருவார்கள். அந்த எண்ணைப் பெயிண்டில் கேபின் கதவில் எழுதி வைத்தால் லோடுமேனுக்கும் புரியும்.

இரண்டாவது, ஒரே தடத்தில் உள்ள கடைகள் சேர்ந்து பங்கு லோடு எடுக்கலாம். என் வண்டியும் பக்கத்து ஊர்க்காரர் வண்டியும் ஒரே நாளில் அளவு மீறிப் போவதைவிட, மூன்று கடைக்கும் சேர்த்துப் பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுப்பது மலிவாகவே முடியும்.

மூன்றாவது, வாடகை வண்டிக்காரரிடம் நாம் பேசும் முறை மாற வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டுக் கடைசி நேரத்தில் "இந்த ஐந்து மூட்டையையும் போட்டுக்கோ தம்பி" என்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்த ஐந்து மூட்டைதான் அவரைப் பட்டறைக்கு அனுப்பி எக்ஸ்ட்ரா பிளேட் போட வைக்கிறது. அவர் வண்டியின் உயரத்துக்கு நாமும் பொறுப்பு.

நான்காவது, ஸ்பீடு பிரேக்கர். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி அதன் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், மெதுவாக ஏறி இறங்கும் வளைவோடு இருக்க வேண்டும். நம் கடைவீதிகளில் உள்ளவை பெரும்பாலும் ஒரு சாண் அகலத்தில் குத்துக்கல் போல நிற்கின்றன. நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் சங்கம் மனு கொடுத்து அளந்து காட்ட வேண்டும். சாலையைச் சரிசெய்யச் சொல்வது நம் உரிமை. சாலை மோசம் என்று வண்டியைக் கெடுத்துக்கொள்வது நம் அறியாமை.

நிற்க. எவ்வளவு மென்மையான பொருளானாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் சொல்லிவைத்துப் போயிருக்கிறார். அவர் காலத்து வண்டிக்கும் நம் பிக்கப்புக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை.

அந்தப் பையன் இப்போது மீண்டும் என்னிடமே வேலைக்கு வருகிறான். கனமான மூட்டையைத் தூக்கும்போது இடது தோளை இன்னமும் ஒரு நொடி தயங்கிக் கொடுக்கிறான். சரக்கின் மேல் யாரும் உட்காருவது இல்லை. கட்டையையும் கூடுதல் பிளேட்டையும் கழற்றிவிட்டுப் புது செட் போட்டேன். லோடு ஏற்றினால் வண்டி தாழ்கிறது. தாழ வேண்டிய அளவுக்குத் தாழ்கிறது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இப்போது, போதும் என்று சொல்லத் தெரிந்த ஒரு பங்காளி கூடவே வருகிறான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வணிகப் பெருமக்களே, நாளைக் காலை கடை திறப்பதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டியின் அருகே போய் நில்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அளந்து பாருங்கள், பிறகு ஏற்றுங்கள்.